வலிக்கவேயில்லை

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கிரேன் கேபினுக்குள் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவன் ஒரு குளுக்கோஸ் மாத்திரையை வாயில் போட்டு மென்றான். சுகர் இறங்கியிருக்கும். இறங்கினால் இப்படித்தான் வேர்க்கும்.

காலடியில் கண்ணாடி. அதற்கும் கீழே, பனைமேல் பனை வைத்த ஆழத்தில், தூத்துக்குடித் துறைமுகம். கம்பிவடத்தில் ஒரு கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நிழலைச் சுற்றி ஆட்கள், மஞ்சள் மஞ்சளாய்த் தலைக்கவசங்கள்.

இன்னொரு மாத்திரையும் கரைந்தது. வேர்வை நிற்கவில்லை. மூச்சு தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான்.

வலி இல்லை.

அப்போதுதான் பயம் வந்தது.

துறைமுகத்தில் எவருக்கும் தெரியக் கூடாதென்று திருச்செந்தூர் போய்ப் பார்த்த டாக்டர், போன மாதம் சொல்லியிருந்தார்.

"இத்தனை வருஷச் சுகர். ரத்தக்குழாய் அடைக்கும், நரம்பு மரத்துப்போகும். மாரடைப்பே வந்தாலும் உங்களுக்கு வலிக்காம போகலாம். மூச்சு முட்டி வேர்த்தா, உடனே ஓடி வந்துருங்க."

ஓடி.

இருக்கைக்குப் பின்னால் சின்னக் கதவு. கதவுக்கு அப்பால் இரும்பு ஏணி. எழுந்து நிற்கப் பார்த்தான். முழங்கால் கேட்கவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. கீழே நின்று சைகை காட்டும் வேம்பு.

"கிளீட்டஸண்ணே, பெட்டி ஆடுது. எறக்குங்க."

இரண்டு கையாலும் லீவரைப் பிடித்தான். இறக்கினான். நூல் பிடித்தாற்போல் இறக்கினான். பார்வையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. பெட்டி லாரியில் உட்கார்ந்தது. பெட்டியைக் கவ்வியிருந்த இரும்புப் பிடி விட்டது.

"அடுத்தது வரட்டுமாண்ணே?"

சொன்னால் இனி இந்த இருக்கை இல்லை. சுகரை மறைத்தவனை மறுபடி மேலே ஏற்ற மாட்டார்கள். மனைவி ஜெசிந்தாவிடம்கூடச் சுகர் மாத்திரையை வைட்டமின் மாத்திரை என்றுதான் சொல்லி வைத்திருந்தான்.

பொத்தானை அமுக்கினான்.

"வேம்பு, எனக்குச் சுகர் இருக்கு."

மூச்சு வாங்கினான்.

"நெஞ்சு வேல கொடுக்கு. மேல வா."

வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது.

"எண்ணே... அசையாதிய. வாறோம்."

ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒன்று. அப்புறம் பல.

எல்லாம் வெகு கீழே.

அவன் மெஷினை அணைத்தான். கையைப் பின்னால் நீட்டி, எட்டாமல், மறுபடி நீட்டி, கதவின் தாழ்ப்பாளை விலக்கி வைத்தான்.