மறுபடியும் பழுது

கம்ப்யூட்டரைத் திறந்ததுமே மெக்கானிக் பெண்ணுக்குக் கோபம் தலைக்கேறியது. போன வாரம்தான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கொடுத்திருந்தாள். மெமரி பட்டையின் பொன்னிறப் பற்களில் மறுபடியும் உப்புப் பூத்திருந்தது.

"ஈரம் பட்டிருக்கு சார்."

"நான் வெளியூர் போனாலே இது படுத்துடுது. உனக்கு வேலை தெரியலைன்னு சொல்லு," என்று வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். போன் அடிக்கவே வாசலுக்குப் போனார்.

அவள் அவர் மனைவி பக்கம் திரும்பினாள். "உப்புத் தண்ணி தெளிச்சது நீங்கதானே? என் பிழைப்புல ஏன்கா மண்ணைப் போடுறீங்க?"

மனைவி விரலால் மேலே காட்டினாள். கூடத்தில் ஒரு கேமரா, சமையலறையில் ஒன்று, படுக்கையறைக் கதவுக்கு மேலே இன்னொன்று.

"எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் ஓடுது. வெளியூர்ல இருந்தே பார்த்துட்டு, இந்தப் புடவை யாருக்காகன்னு போன்ல கேக்குறார்."

மெக்கானிக்கின் கோபம் அடங்கவில்லை, ஆள்தான் மாறியது. பற்களைப் பளபளவென்று துடைத்து மாட்டினாள்.

"அறிவிருக்காக்கா உங்களுக்கு?" என்றாள், வாசலைப் பார்த்தபடி தணிந்த குரலில். "அடுத்த தடவையாவது பிளக்கைப் பிடுங்கிட்டுத் தெளிங்க. ஷாக் அடிச்சா என்ன ஆகிறது?"