ஆளாளுக்கு டாக்டர்

"மாஸ்க்கைக் கழட்டாதேம்மா. யாராவது பார்த்துட்டா போச்சு" என்றபடி மேனேஜர் மருத்துவமனையின் பின்வாசல் கதவைத் தள்ளினார். தொப்பியை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பின்னால் போனாள் நீச்சல் வீராங்கனை.

போன மாதம்வரை அவள் தங்கம் வாங்கியதைத்தான் எல்லோரும் பேசினார்கள். பிறகு டிவி விவாதத்தில் ஒருவர், அவள் பேட்டி கொடுத்த காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "பாருங்க, யார் கண்ணையும் பார்க்கலை. சிரிக்கலை. எதைக் கேட்டாலும் ஒத்தை வார்த்தையில பதில். சந்தேகமே இல்லை, ஆட்டிசம்தான்."

அவ்வளவுதான். சலூனில், பஸ்ஸில், ஆபீஸ் கேன்டீனில் ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். அவள் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டால் அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. அவளை வைத்து விளம்பரம் எடுத்த ஷூ கம்பெனிக்காரர்கள், "உண்டா இல்லையான்னு தெளிவாச் சொல்லிடுங்க" என்று மேனேஜரை நெருக்க ஆரம்பித்தார்கள்.

டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'என்ன ஆச்சு? இங்கே ஒருத்தி வாசலை விட்டு நகர மாட்டேங்கறா.' படித்துவிட்டுக் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இருக்காதும்மா, பயப்படாதே" என்றார் மேனேஜர். அதைக் கேட்டதும் அவள் தலை இன்னும் கவிழ்ந்தது.

டாக்டர் பேச்சை வளர்க்காத பெண்மணி. "உங்ககிட்ட பல நாள் பேசிப் பார்த்துட்டேன். உங்க அம்மாகிட்ட சின்ன வயசு விஷயமெல்லாம் கேட்டாச்சு. உங்களுக்கு ஆட்டிசம் இல்லை."

"அப்பாடா" என்று மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்லாப் பார்த்தீங்களா டாக்டர்?" என்றாள் அவள். "கொஞ்சமாவது இருக்கலாம் இல்லையா?"

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அன்னிக்குப் பேட்டியில ஏன் யார் முகத்தையும் பார்க்கலை?"

"கண்ணாடி இல்லாம எனக்கு எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சியே தெரியாது. தண்ணியிலேர்ந்து ஏறினதும் அப்படியே மைக் முன்னாடி நிறுத்திட்டாங்க. குளிர்ல பல்லு வேற தந்தியடிச்சுது."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடிப்பாவி. ஊரே பேசுது, இதைச் சொல்லாம ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"தோணலை" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் அவர் டிவிக்காரர்களைக் கூப்பிடப் போனைக் காதில் வைத்துவிட்டார். அவள், "இன்னிக்கு வேண்டாம் சார். முதல்ல நான் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாச் சொல்லிக்கறேன்" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வீட்டுல டிவி இருக்குல்ல? பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்."

போகும்போது முன்வாசல் வழியாகவே கூட்டிப் போனார். கேமராக்கள் வந்து நின்றிருந்தன. "எங்க பொண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. முழுக்க முழுக்க நார்மல்" என்றார். யாரோ கைதட்டினார்கள்.

"குறைன்னு சொல்லாதீங்க சார்..." அவள் மைக்கை எட்டுவதற்குள், அடுத்த போட்டி எப்போது என்று ஒருவர் கேட்டுவிட்டார். அதற்கும் மேனேஜரே பதில் சொன்னார். பிறகு கார் கதவைத் திறந்து அவளை உள்ளே உட்காரவைத்தார்.

வீட்டுக் கதவைத் திறந்த அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. "டிவியை அணைக்கறதுக்குள்ள பார்த்துட்டாடி."

அக்கா மகள் பள்ளிச் சீருடைகூட மாற்றாமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். அன்றிலிருந்து வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தவள், டிவியில் சித்தியைப் பற்றிப் பேச்சு வந்த மறுநாள் தானாக எழுந்து நின்று, "எனக்கும் எங்க சித்திக்கும் ஒரே மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதற்குப் பிறகு பக்கத்து பெஞ்சுப் பெண்ணோடு சேர்ந்து சாப்பிடவும் ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கச் சித்திக்கு மனம் வரவில்லை. ஒருவேளை உண்மையாகவே இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்றுதான் டாக்டரிடம் போனாள்.

இப்போது அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "குட்டிம்மா, டிவியில அவர் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

குட்டி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சித்தியின் காதருகே குனிந்து, ரகசியமாகச் சொன்னாள்:

"பயந்துட்டியா சித்தி? பரவாயில்லை. இனிமே நானும் இல்லைன்னே சொல்லிடறேன்."