நகல் நாடி

என் ஆள்காட்டி விரல் சென்சார் கிளிப்புக்குள் இருந்தது.

திரையில் பச்சை அலை வழுக்கிக்கொண்டு ஓடியது. நாடித்துடிப்பு எழுபத்தெட்டு.

எவ்வளவு வழவழப்பாக ஓடுகிறது பாருங்கள் என்று மாமா டாக்டரிடம் சொன்னார்.

கம்பெனி மாமாவுடையது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. படிப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் சார், எனக்கு மட்டும் மாமா.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தலைவர். எங்கள் புது மானிட்டரை எல்லா வார்டுக்கும் வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். அதிகம் பேசாதவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திரை பொய் சொல்லும் என்பது அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். எனக்கும் மாமாவுக்கும்.

மெஷினுக்குள் ஓடும் கெர்னல் என் பொறுப்பு. எதற்கு எந்த இடத்தில் எவ்வளவு நினைவகம் என்று பிரித்துக் கொடுப்பது அதுதான்.

சென்சார் சிப், அளந்ததை நேராக நினைவகத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். பிராசசர் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு தடவை பார்த்ததை நகலெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை வைத்தே காலம் தள்ளும். விலை கூடிய போர்டுகளில், உள்ளே எண் மாறினால் நகலும் மாறிவிடும். நாங்கள் வாங்கியது மலிவான போர்டு. அதில் சிப்புக்கும் பிராசசருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

அதனால் இடம் ஒதுக்கும்போதே, இதற்கு நகல் வைக்கக் கூடாது என்று சொல்லி ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கவில்லை. புரோகிராமில் அந்த வரியை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்.

நான் மாற்றினேன். எண் சரியாக வந்தது. அலை மட்டும் லேசாகத் திக்கியது.

மாமாவுக்கு அந்தத் திக்கல் பிடிக்கவில்லை. பழையபடியே வைக்கச் சொன்னார். டாக்டர்கள் முதலில் பார்ப்பதே அலையைத்தான் என்றார். நம் சோதனையில் ஒரு தடவைகூடத் தப்பு வரவில்லையே என்றும் கேட்டார்.

வராது. சோதனையின்போது மெஷினில் ஏகப்பட்ட புரோகிராம்கள் ஓடும். அந்த நெரிசலில் பழைய நகல் தானாக வெளியே தள்ளப்பட்டுவிடும். மெஷின் சும்மா இருந்தால்தான் ஆபத்து, பழைய நகலே திரையில் ஓடும். நோயாளி அசையாமல் படுத்திருக்கும் அறையில் அதுவும் சும்மாதான் இருக்கும்.

ஒரு வாரமாகப் படித்துப் படித்துச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டாக்டர் முன்னாடி நீ வாயே திறக்கக் கூடாது. விரலை மட்டும் குடு, போதும். உங்க அம்மாவைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். தம்பி என்றால் அம்மா உருகிவிடுவாள். வீட்டில் இனி என்ன பாடு படப்போகிறேன் என்பதும் நன்றாகவே தெரிந்தது.

இப்போது மெஷினில் வேறு எதுவும் ஓடவில்லை. மாமா வாரண்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. விரலை உருவிக்கொண்டேன்.

டாக்டர் கண்ணில் படுகிற மாதிரி கிளிப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அலை ஓடிக்கொண்டே இருந்தது. அதே அலை, திரும்பத் திரும்ப. எழுபத்தெட்டு.

மாமாவின் பேச்சு பாதியில் நின்றது.

டாக்டர் கிளிப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மாமா சிரிக்கப் பார்த்தார். கேபிள் சரியில்லை, சோதனையில் ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை என்றார். இது டெமோ மெஷின்தானே என்றார். என்னை வெளியே போகச் சொன்னார்.

நான் நகரவில்லை. வேலை போனால் போகட்டும். உறவு போனால் அதுவும் போகட்டும்.

டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சோதனையில் அகப்படாதது உனக்கு மட்டும் எப்படி அகப்பட்டது என்று என்னிடம் கேட்டார்.

மாமா கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினார்.

சொன்னேன். என் தம்பிக்குப் போன வாரம் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். மறுநாள் பார்க்கப் போனேன். மானிட்டர் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஆளைக் காணோம். கிளிப் தலையணைமேல் கிடந்தது. அவனோ வராந்தாவில் நின்று யாருடனோ வம்பளந்துகொண்டிருந்தான். அவன் திரும்பி வரும்வரை அந்தக் காலிக் கட்டிலுக்கு நாடி துடித்துக்கொண்டிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். மெஷின் அப்பப்போ இப்படித்தான் என்று அணைத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

டாக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். இன்னும் விற்பனைக்கே வராத மெஷின் அங்கே எப்படி வந்தது என்று கேட்டார்.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டேன்.

"அது இந்த மெஷின் இல்ல, டாக்டர். போன வருஷம் உங்க ஆஸ்பத்திரிக்கு நாங்க வித்தது. உள்ளே அதே வரிதான் இருக்கு."

டாக்டர் உடனே வார்டுக்குப் போன் போட்டு, திரையை யாரும் நம்ப வேண்டாம், கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொருவர் கையையும் தொட்டுப் பாருங்கள் என்றார்.