இருசம்மாளுக்கு வந்த சர்க்கரை

“அண்ணா, ஒரு எட்டு ஒதுங்கிட்டு வந்துடறேன்” என்று களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள் இருசம்மாள்.

வரப்பில் நின்றிருந்த கண்ணாயிரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இப்பதான போயிட்டு வந்த?”

“இன்னாண்ணா பண்றது, சக்கர வியாதி. தண்ணி குடிச்சா நிக்க மாட்டேங்குது.”

“அப்ப தண்ணிய கம்மியா குடி.”

“குடிக்கலன்னா நாக்கு வறண்டு பூடுது.”

தான் மட்டும் போனாலாவது பரவாயில்லை. “ஏ பாரதி, வாடி கூட. உன் பக்கத்துல இருக்கறவளையும் கூப்புடு. கரும்புக்குள்ள பாம்பு கீம்பு இருக்கும்” என்று சின்னப் பெண்கள் இரண்டு பேரையும் கையோடு கிளப்பினாள். போகிற வழியில் குடத்தைச் சாய்த்து ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் வேறு. என் மரவள்ளிக்குப் பாய்கிற தண்ணீரைவிட இதுகளுக்குப் பாய்கிறதுதான் ஜாஸ்தி என்று கண்ணாயிரம் முணுமுணுத்தார்.

அவர் கவலை அவருக்கு. மரவள்ளிச் செடி முழங்கால் உயரம்தான், மறைவு கிடையாது. தள்ளியிருக்கிற கரும்புத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பினால் கால் மணி நேரம் போச்சு. கல்வராயன் மலைப்பக்கம் மேகம் கட்டி நிற்கிறது. மழை விழுந்தால் களை மறுபடி தழைத்துவிடும்.

மற்றபடி உடம்பு விஷயத்தில் கண்ணாயிரம் விவரமானவர். ஒரு தடவை சிறுநீரகத்தில் கல் வந்து உருண்டு புரண்டதிலிருந்து தண்ணீர் பாட்டில் அவர் கையை விட்டு இறங்கியதில்லை. அடிக்கடி கள்ளக்குறிச்சிக்குப் போய் ரத்தம், யூரின் கொடுத்துவிட்டு வருவார். சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற கிரியேட்டினின் தனக்கு எவ்வளவு என்று டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்.

“இருசம்மா, நாளையிலேர்ந்து நீ வூட்லயே இரு. மத்தவங்கள மட்டும் அனுப்பு.”

இருசம்மாள் முகம் சுருங்கிப்போனது. இந்தக் களை வெட்டை விட்டால் அவளுக்கு இந்த மாதம் வேறு வேலை இல்லை.

“நா இல்லாம இதுங்க எப்டிண்ணா...”

“ஏன், இதுங்களுக்கும் சக்கரயா?”

இருசம்மாள் குனிந்து கொத்த ஆரம்பித்தாள். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சின்னப் பெண்கள் திணறினார்கள்.

அந்த நேரம் பார்த்து மண் பாதையில் நர்ஸ் லிடியாவின் ஸ்கூட்டி வந்தது. போன மாதம் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் ரத்தமும் யூரினும் எடுத்துப் பரிசோதித்தவள் அவள்தான். நியாயம் கேட்கச் சரியான ஆள் என்று கண்ணாயிரம் கை காட்டி நிறுத்தினார்.

“சிஸ்டர், இந்த இருசம்மாவுக்கு நல்ல மாத்திரையா ஒண்ணு குடும்மா. நிமிசத்துக்கு ஒருதரம் ஒதுங்க ஓடுது. இப்டியே போனா கிட்னி இன்னாத்துக்கு ஆவும்?”

“ஏன், அவங்களுக்கு இன்னா?”

“சக்கர வியாதிதான்.”

லிடியா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“ஒருத்தரு ரிப்போர்ட்ட இன்னொருத்தருகிட்ட சொல்லக் கூடாதுண்ணா. ஆனா இல்லாத வியாதிக்கு எப்டி மாத்திரை குடுப்பேன்? சக்கர கெடையாது. யூரின்ல புரதம் போவல. கிரியேட்டினின் உங்களோடத வுட கம்மி.”

கடைசியாகச் சொன்னதுதான் கண்ணாயிரத்தை ரொம்பச் சுட்டது.

“அப்ப இவ்ளோ நாளா வேலைய ஏமாத்திக்கினு இருந்தாளா?”

லிடியா குரலைத் தாழ்த்தினாள். “இந்தக் கூட்டத்துல வேற சில பேருக்குத்தான் யூரின்ல சீழ் செல்லு இருந்துச்சி. யாருன்னு கேக்காதீங்க. தண்ணி குடிக்காம, வந்தாலும் அடக்கி வெச்சிக்கினு இருந்தா இப்டித்தான் ஆவும். அப்டியே வுட்டா கிட்னிக்கு ஏறிடும். மாத்திரை குடுத்து, நல்லா தண்ணி குடிங்க, அடக்காதீங்கன்னு சொன்னேன். வயசுப் பொண்ணுங்க, ஆம்பள எதிர்ல எப்டி எழுந்து போறதுன்னு அழுதுதுங்க. ‘அத எங்கிட்ட வுடு சிஸ்டர்’னு இருசம்மாதான் சொன்னாங்க. எப்டின்னு எனக்கே இப்பதான் தெரியுது.”

கண்ணாயிரம் மரவள்ளிக் காட்டைப் பார்த்தார். பாரதி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டே கொத்திக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப எப்டி கீது அதுங்களுக்கு?”

“நேத்து மறுபடி பாத்தேன். சுத்தமாயிடுச்சி.”

மனசு லேசானது. ஆனாலும் ரோஷம் விடவில்லை.

“ஏம்மா, ஒண்ணுக்குப் போவாதீங்கன்னு நா என்னிக்காச்சும் சொல்லிக்கிறனா?”

“சொல்லலண்ணா. காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் இங்கியே நின்னு பாத்துக்கினு இருக்கறீங்க, அவ்ளோதான்.”

ஸ்கூட்டி போய்விட்டது. கண்ணாயிரத்துக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு ஒதுங்க மோட்டார் கொட்டகை இருந்தது, யாரிடமும் கேட்டுக்கொண்டு போகவும் தேவையில்லை. இத்தனை நாளில் இது ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லையே!

சற்று நேரத்தில் இருசம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“அண்ணா, கோச்சிக்காதீங்க... இந்தச் சக்கர...”

“மோட்டார் கொட்டாய் தொறந்துதான் கீது, எல்லாரும் அங்கியே போங்க. நாளைக்கும் நீதான் எல்லாரையும் இட்டுக்கினு வரணும்” என்ற கண்ணாயிரம், செருப்பை மாட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

“நீங்க எங்கண்ணா கெளம்பிட்டீங்க?”

“நர்சம்மா மருந்து சொல்லிட்டாங்க. நா வரப்ப வுட்டு எறங்குனா உன் சக்கர கொறஞ்சிடுமாம்!”