மூங்கிலைப் பிடிக்காத கை

மூங்கில் மறுபடியும் கீழே விழுந்தது.

பாண்டாவின் எலும்புக்கூடு அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. உட்கார்ந்த வாக்கில், வலது கையை நீட்டியபடி, சிரித்துக்கொண்டிருந்தது.

கவலையெல்லாம் அக்காவுக்குத்தான். எலும்புகளைக் கம்பியால் கோத்து நிறுத்துவது அவள் வேலை. அருங்காட்சியகத்தில் இதுதான் அவளுடைய முதல் எலும்புக்கூடு. மூங்கில் நிற்காவிட்டால் பாண்டாவைப் படுக்கவைத்துக் கண்ணாடிப் பெட்டியில் மூடிவிடலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

விருந்தினர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“அதான் அஞ்சு விரல் இருக்கே, புடிக்கச் சொல்லு,” என்றான் தம்பி.

விளக்குகளுக்கு ஒயர் இழுக்க வந்தவன். ஒரு வாரமாக ஒயரைவிடப் பேச்சைத்தான் அதிகம் இழுத்திருந்தான். உருப்படியாகச் செய்த ஒரே காரியம், பின்னறையில் ஆடிக்கொண்டிருந்த மேசையைச் சரிசெய்தது. இப்போது அதன்மேல் விருந்தினர்களுக்கான தேநீர்க் கோப்பைகள் விளிம்புவரை நிரம்பி நின்றன.

“அஞ்சும் ஒரே வரிசையில நிக்குதுடா, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி. ஒண்ணு எதிர்ல வந்தாத்தானே புடி கிடைக்கும்?”

அவள் இடது கையைக் காட்டினாள். ஐந்து விரல்களுக்கு எதிரே, மணிக்கட்டில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. விரல் இல்லை. விரலாக வேண்டும் என்று ரொம்ப காலம் ஆசைப்பட்டு, வளர்ந்துவிட்ட மணிக்கட்டு எலும்பு. அதற்கும் விரல்களுக்கும் நடுவில்தான் பாண்டா மூங்கிலைப் பிடிக்கும்.

வலது கையில் அந்த இடம் காலி.

தட்டுகள், இழுப்பறைகள், குப்பைக்கூடை, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று.

தம்பி தலையைச் சொறிந்தான்.

“அக்கா... அது கூழாங்கல்லு மாதிரி, கொஞ்சம் தட்டையா இருக்குமா? எண்ணிப் பாத்தேன்கா. அஞ்சு விரலுக்கு மேல ஒண்ணு கிடந்துச்சு. மிச்ச எலும்புன்னு நெனச்சேன்.”

அக்கா பின்னறைக்கு ஓடினாள்.

திரை விலகியபோது பாண்டா மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தது, அப்போதுதான் ஒடித்தெடுத்ததுபோல. ஒரு குழந்தை அதன் எதிரே வாயைத் திறந்தபடி நின்றது. இயக்குநர் கைதட்டினார்.

“உங்க தம்பி எங்கம்மா? அவரையும் கூப்பிடுங்க.”

“அவன் இப்ப நகர முடியாது சார்,” என்றாள் அக்கா.

பின்னறையில் அத்தனை கோப்பைகளும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நின்றன. காகிதத்தை மடித்து வைத்திருக்கலாம்; அக்கா விடவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, மேசையின் நான்காவது காலுக்கடியில், தம்பி தன் கால் கட்டைவிரலைக் கொடுத்திருந்தான்.