செவ்வாய்க்கிழமை எடுத்த பேட்டி

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மலையை உடைக்கும் கல்குவாரியை எதிர்த்து மனுப் போட்டுவந்த செல்லக்கனியை, தேங்காப்பட்டணத்து ஜஸீனா ஆவணப்படத்துக்காகப் பேட்டி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தன்னைக் கொல்லப் பார்ப்பவனின் பெயரை அவர் அதில் சொன்னார். வெள்ளிக்கிழமை பால் வாங்கப் போனவரை இரும்புக் கம்பியால் தலையில் அடித்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

ஜஸீனா படத்தைத் தொகுக்க உட்கார்ந்தபோது, பேட்டியில் செல்லக்கனியின் தலையில் கட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை அது இல்லை. ஆனாலும் வேறு சாட்சி இல்லாததால், ஏற்கெனவே மூன்று முறை திருப்பப்பட்ட தன் புகார் மனுவோடு அதையே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை பார்த்தார். "அடிபட்ட பொறவு எடுத்துட்டு, முன்னாடியே சொன்னான்னு கத விடுதியளா?"

"செவ்வாக்கெழம எடுத்ததாக்கும் சார்."

"அப்பம் தலையில கெட்டு எப்பிடி வந்து?"

இன்ஸ்பெக்டர் நான்காவது முறையாக அவள் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு பேட்டியை மறுபடி ஓடவிட்டாள். பெயரைச் சொல்லும் இடம் வந்ததும் செல்லக்கனி பேச்சை நிறுத்தினார்.

"எத்தன தடவ மக்கா சொல்லதுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மீதிப் பதினேழு நிமிடமும் ஜஸீனாவின் குரல் காலி நாற்காலியிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.