கோமாளி மீன் கேட்ட ஒரே கேள்வி

நோய் கண்ட கடல்மீன்களைத் தனியே வைக்கும் தொட்டியில், உடம்பெல்லாம் பூச்சி அரித்த கோமாளி மீன் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. துணைக்கு ஒரு நத்தை. மேலே பலகையில் பூச்சியைக் கொல்லும் செம்பு கலந்த மருந்துப் புட்டிகள் இரண்டு, “என்னைக் கூப்பிடு” என்று போட்டி போட்டன.

மீனுக்குப் பேசவே தெம்பில்லை. ஒன்றே ஒன்று கேட்டது: “நீங்க தண்ணியில இறங்கினா இந்த நத்தைக்கு என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது, நான் பூ மாதிரி” என்றது பச்சைப் புட்டி.

“செத்துப்போகும். முதல்ல அதை வெளியே அனுப்பு. என்னையும் அளந்துதான் ஊத்தணும், கூடிப்போனா நீயும் பிழைக்க மாட்டே” என்றது நீலப் புட்டி.

“பச்சை எவ்வளவு நல்லவன்!” என்று உருகியது நத்தை.

“ஆமாமா, ரொம்ப நல்லவன்” என்றன மீனை அரித்துக்கொண்டிருந்த பூச்சிகளும்.

மீன் அந்தப் பூச்சிகளைத் திரும்பிப் பார்த்தது.

“நத்தையண்ணே, நீங்க கிளம்புங்க.”